மாத்திரை இருந்தால் போதுமா? எடுத்துக் கொடுக்க வேண்டாமா?

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் உள்ள ஊர் எழுமலை. அங்கே ஒரு பாட்டிக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் தவறாமல் மாத்திரை வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஒரு மாதம், "மாத்திரை இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டால்? கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இல்லாவிட்டால், மாத்திரை இல்லாமலே இருக்க வேண்டும்!

அந்த மாத்திரை மதுரையில் உள்ள மருந்துக் கிடங்கில் இருந்து வர வேண்டும்.

பாஸ் புத்தகம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை அது மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் இறக்கி வைக்கிறது. மாதிரி எடுத்துப் பரிசோதித்து, "நல்ல மருந்து" என்று முடிவு வந்த பிறகே வெளியே அனுப்புகிறது.

ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டது. பேங்கில் பணம் எடுப்பது போல, தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் விலை கணக்கில் கழிக்கப்படும். இந்த வழியைப் பார்த்து, ராஜஸ்தான் மாநிலமும் 2011-ம் ஆண்டு இப்படி ஒரு கழகத்தைத் தொடங்கியது.

நேரம் எங்கே போகிறது?

ஆஸ்பத்திரியின் பட்டியல் வந்ததும், கிடங்குச் சிப்பந்தி ஒவ்வொரு மருந்தாகத் தேடி எடுக்க வேண்டும். எந்தக் கிடங்கிலும் இந்த வேலையில் பெரும் பகுதி நேரம் நடையிலேயே போகிறது.

நடையைக் குறைக்க என்ன வழி? வீட்டுச் சமையல் அறையைப் பாருங்கள். உப்பும் புளியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். எப்போதோ எடுக்கும் அண்டா பரண் மேல் இருக்கும். கிடங்குக்கும் இதுதான் சூத்திரம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் தினமும் போகின்றன. அவை வாசல் அருகே இருக்க வேண்டும். எப்போதாவது கேட்கும் மருந்து உள்ளே இருக்கலாம்.

நான்கு ஆஸ்பத்திரிகளின் பட்டியலை ஒன்றாகச் சேர்த்தால், நான்கு நடை ஒரு நடையாகும். பட்டியலையும் அலமாரி வரிசைப்படி எழுதினால், போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை.

அவசரம் ஆபத்து

ஆனால், வேகம் மட்டும் போதாது. பெட்டியும் பெயரும் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகள் உண்டு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கை மாறிவிடும். மளிகைக் கடையில் துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பு வந்தால் குழம்புதான் கெடும். மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்து! ஆகவே, ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். காலாவதித் தேதி முன்னால் வருகிற பெட்டி முதலில் வெளியே போக வேண்டும். இல்லையென்றால், மக்கள் பணத்தில் வாங்கிய மருந்து குப்பைக்குப் போகும்.

சிப்பந்தியை ஓடச் சொல்வது சிக்கனம் அல்ல. அவர் நடக்கும் தூரத்தைக் குறைப்பதே சிக்கனம். மிச்சமாகும் நேரத்தைச் சரிபார்க்கச் செலவிடலாம். அலமாரியை மாற்றி அடுக்கப் பெரிய செலவு ஆகாது. கிடங்கில் அந்த ஒழுங்கு இருந்தால், எழுமலைப் பாட்டிக்கு மாத்திரை வேளைக்குக் கிடைக்கும்.