உயிர்வாழ்வுக் கணக்கும் கணிப்பொறியும்

நம் மாணவருட் சிலர் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்னும் கணிதப் பகுதியை 'ஆர்' என்னும் மென்பொருளின் துணைகொண்டு பயின்று வருகின்றனர். நோயுற்றோர் எத்துணைக் காலம் உயிரோடிருப்பர், குணமடைந்தபின் நோய் எப்பொழுது மீளும் என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பது இக்கலை. மென்பொருளோ விலையின்றிக் கிடைப்பது. ஒரு வரிக் கட்டளை இட்டால், படிப்படியாய் இறங்கும் கோடு இமைப்பொழுதில் திரையில் தோன்றும். அதனைக் கண்டு மகிழ்தல் இயல்பே. ஆயினும் அக்கோட்டின் பொருளை வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதில் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களினின்று ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறுவோர் பலர். காலையிற் சென்று மாலையில் மீள்வோரும் உளர்; தோட்டத்திலேயே தங்கிவிடுவோரும் உளர். மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் கண்ட ஒருவர் ஐந்தாம் மாதத்தில் மலை கடந்து சென்று திரும்பாராயின், அவரை உயிருள்ளவர் என்பதா, இறந்தவர் என்பதா?

எட்வர்டு கப்லன், பால் மையர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1958இல் வெளியிட்ட முறை இதற்கு வழி கூறும். நோயாளர் பதின்மர் எனக் கொள்வோம். மூன்றாம் மாதத்தில் ஒருவர் இறந்தார்; எஞ்சியவர் 10இல் 9. ஐந்தாம் மாதத்தில் இருவர் மலை கடந்தனர். எட்டாம் மாதத்தில், இருந்த எழுவருள் ஒருவர் இறந்தார். எஞ்சியவர் 7இல் 6. இவ்விரு பின்னங்களையும் பெருக்கின், பிழைத்திருப்போர் நூற்றுக்கு 77. சென்ற இருவரையும் ஏட்டினின்று அடியோடு நீக்கினால் 75. உயிருள்ளோர் என்றே கொண்டால் 80. இருந்த காலம் வரைக்கும் அவர்களை எண்ணி, சென்றபின் எண்ணாது விடுவதே இம்முறையின் நுட்பம். இதனை ஆங்கிலத்தில் சென்சாரிங் என்பர். திரைப்படத் தணிக்கைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆனால் இம்முறை ஒன்றை நம்பியே நிற்கின்றது: சென்றவர்க்கும் இருந்தவர்க்கும் நோயின் போக்கு ஒன்றே என்பது. கூலிவேலைக்கு மலையேறியவர் நலமுற்றவராயிருத்தல் கூடும். மருந்து பயனளியாமையால் வேறிடம் நாடியவர் நலிந்தவராயிருத்தல் கூடும். அவ்விருவரும் எட்டாம் மாதத்திற்குள் இறந்திருப்பின் உண்மை நூற்றுக்கு 60 அன்றோ? மாணவரோ இறந்தோர்க்கு 1 என்றும் மற்றையோர்க்கு 0 என்றும் இடுகின்றனர். ஆய்வு முடியும்வரை கண்முன் இருந்தவர்க்கும் 0. போன இடம் தெரியாதவர்க்கும் 0. பொறி அதனைப்பற்றி ஒன்றும் கேளாது.

ஆயிரம் பேரைக் கையாற் கணக்கிட இயலுமோ என்று மாணவர் நகைக்கலாம். இயலாது, வேண்டுவதும் அன்று. பத்துப்பேரைக் கணக்கிட்டவரே பொறியைத் தொடுக என்பது என் கருத்து. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்துண்டோரையும் சானடோரியத்தில் தங்கினோரையும் ஒப்பிட்டனர். இக்கால மென்பொருள் ஏதும் இல்லாத அந்நாளில், ஊழியர் வீடு தேடிச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தனர். நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நம் மாணவர் ஏட்டிலும் 0 என்பதன் அருகே, எங்குச் சென்றார், எதனாற் சென்றார் என்று எழுத ஒரு தனிப் பத்தி சேர்க்கப்பெறல் வேண்டும். அதனை நிரப்புதற்குக் குமுளிப் பேருந்தில் ஒருநாள் ஏற வேண்டியிருக்கும்.