மூன்று வரங்களில் இரண்டு

ஒலிபெருக்கி வாங்கச் செல்வோர் முதலிலே நோக்குவது தோற்றம். அடுத்து நோக்குவது விலை. அதனுள்ளே நிகழ்வது யாதென நோக்குவோர் மிகச் சிலரே. ஒரு குடும்பம் பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய பொருள் சில கிழமைகளிற் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாம். ஆதலால், வீட்டிலிருந்து இசை கேட்பதற்கெனத் தோன்றிய ஒலிபெருக்கி வகைகளை இவ்வாரம் ஒப்பிட்டு நோக்குவோம்.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவற்றின் மூலவடிவத்தை 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் விளக்கி வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு பிணைந்த ஒரு கடதாசிக் கூம்பு. சுருளினூடே மின்னோட்டம் மாறி மாறிப் பாயுங்கால் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. கருவி இவ்வளவே. ஆயின், கூம்பு முன்னே காற்றை நெருக்கும் அதே கணத்திற் பின்னே காற்றை ஐதாக்கிவிடுகின்றது. அலைநீளம் மிகுந்த மந்தர ஒலிகளில் இவ்விரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கும். மிருதங்கத்தின் தொப்பி முழங்க வேண்டிய இடத்திலே தகரத்தைத் தட்டிய ஓசையே எஞ்சும். பின்புறத்து ஒலியை என்செய்வது என்னும் இந்த வினாவுக்குக் கூறப்பட்ட வெவ்வேறு விடைகளே வெவ்வேறு வகை ஒலிபெருக்கிகள் எனலாம்.

அதனை அடைத்துவிடுக என்பது ஒரு விடை. 1954ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்கார் வில்ச்சர் புத்தக அலுமாரியின் தட்டில் வைக்கத்தக்க ஒரு பெட்டியை இறுக மூடி, அதனுள் அடைபட்ட காற்றையே கூம்பைத் தாங்கும் வில்லாகப் பயன்படுத்தினார். அதுவரை பெரும்பெட்டிகளே தந்த ஆழ்ந்த மந்தரம் சிறு பெட்டியிலிருந்து எழுந்தது. ஆயின், அதன் கூம்பு பாரமானது. அதை அசைக்க மிகுந்த மின்வலு வேண்டியிருந்தது.

அதனையும் பயன்படுத்துக என்பது மற்றொரு விடை. வெற்றுப் போத்தலின் வாய்விளிம்பில் ஊதினால் ஒரு குறித்த சுரம் பிறப்பதை மாணவர் அறிவர். பெட்டியிலே அளவறிந்து ஒரு துவாரமும் குழாயும் அமைத்தால், அதனுள்ளிருக்கும் காற்றும் இவ்வாறே பரிவுற்று மந்தர ஒலிக்குத் துணைசெய்யும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேட் துராஸ் 1932ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். துவாரத்தின் அளவைக் கணித்தறியும் வழியை அவுஸ்திரேலியாவிலே நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், அவரைத் தொடர்ந்து றிச்சேட் சுமோல் 1970களின் தொடக்கத்திலும் வகுத்தனர். இன்று கடைகளிற் காணப்படும் பெட்டிகளுட் பல இவ்வகையினவே. கணக்குப் பிழைத்தால் எல்லாச் சுரமும் ஒரே சுரமாய் "மொம்" என்று முழங்கும்.

மூன்றாவது வகை கொம்பு. நாதஸ்வரத்தின் அணைசு விரிவதுபோல வாய் விரிந்த குழாயின் அடியிலே சிறு மென்றகடு ஒன்றை வைத்தால், சிற்றசைவும் பேரொலியாகும். ஆயின், மந்தர ஒலிக்கு அவ்வாய் மிகப் பெரிதாதல் வேண்டும். போல் கிளிப்ஷ் என்பார் கொம்பைப் பெட்டியினுள் மடித்து, அதை அறையின் மூலையில் நிறுத்தி, இரு சுவர்களையும் கொம்பின் நீட்சியாக்கினார். 1946ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அவரது ஒலிபெருக்கி நாலடிக்கு மேல் உயரமானது. நல்ல மூலை இல்லாத வீட்டுக்கு அது ஆகாது.

நான்காவது வகைக்குப் பெட்டியே இல்லை. இங்கிலாந்தின் பீற்றர் வோக்கர் 1957ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில், ஆயிரக்கணக்கான வோல்ற்று ஏற்றப்பட்ட மெல்லிய பிளாஸ்ரிக் படலமே அதிர்கின்றது. மனிதக் குரலை அது தரும் தெளிவை இன்றும் வியந்து பேசுவர். ஆயின், பின்புறத்து ஒலி தடுக்கப்படாமையால் மந்தரம் மெலியும். மிக உரத்து ஒலிக்கவும் அதனால் இயலாது.

இவற்றுள் எது சிறந்தது? வில்ச்சரின் காலத்தவரான அன்ரன் ஹொப்மன் என்னும் பௌதிக அறிஞர் கூறிய விதியொன்று இதற்கு வழிகாட்டும். பெட்டி சிறிதாதல், மந்தரம் ஆழமாதல், குறைந்த மின்வலுவில் உரத்து ஒலித்தல் என்னும் மூன்று வரங்களுள் இரண்டையே ஒருவர் பெறலாம். மூன்றாவதைத் துறத்தல் வேண்டும். காரணம் எளிது. பெட்டி சிறுத்தால் உள்ளிருக்கும் காற்று விறைத்த வில்லாகின்றது. அதை மீறி மந்தரம் பெறக் கூம்பின் பாரத்தைக் கூட்ட வேண்டும். பாரம் கூடினால் வலு வேண்டும். ஒலிக்குந் திறன் குறையாமல் மந்தரத்தின் எல்லையை 80 அதிர்விலிருந்து 40 அதிர்வுக்கு இறக்க விரும்பினால், பெட்டி எட்டு மடங்கு பெருக்க வேண்டும். 1 வாற்று வலுவைக் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்தால், சிறு பெட்டியொன்று 84 டெசிபெல் தரும் இடத்தில் பெருங்கொம்பு 104 டெசிபெல் அளவில் ஒலிக்கும். 10 டெசிபெல் பத்து மடங்கு வலுவைக் குறிப்பதால், இவ்வேறுபாடு நூறு மடங்காகும்.

உள்ளங்கை அளவான இக்காலக் கருவிகள் இவ்விதியை வென்றுவிட்டனவே எனச் சிலர் கூறலாம். வெல்லவில்லை. கணினிச் சில்லு மந்தரத்தை உயர்த்திக் கொடுக்கின்றது. மலிவான விரியலாக்கி அதற்கு வேண்டிய வலுவைச் செலுத்துகின்றது. ஒலியைக் கூட்டிப் பார்த்தால், கூம்பு தன் எல்லையை மீறாதவாறு மந்தரம் மெல்லக் குறைக்கப்படுவதை உணரலாம்.

துறக்க வேண்டியதைத் தெரிந்து துறப்பதே அறிவுடைமை. 1970களில் பி.பி.சி. நிறுவனத்தார் இடநெருக்கடி மிக்க ஒலிபரப்பு வண்டிகளுக்கென ஓரடி உயரமான சிறு ஒலிபெருக்கி ஒன்றை வகுத்தனர். ஆழ்ந்த மந்தரத்தையும் பேரொலியையும் துறந்து, குரலின் இயல்பை மட்டும் காத்தனர். அது பின்னர் வீடுகளிலும் இடம்பெற்றுப் பல்லாண்டு போற்றப்பட்டது. சிறு அறையில் வாய்ப்பாட்டும் வீணையும் கேட்போருக்கு இவ்வழி போதும். தவில் முழக்கத்தை நாடுவோர் பெட்டிக்கு இடங்கொடுத்தல் வேண்டும்.

கடைக்குச் செல்வோர் இரண்டை மறவாதிருப்பாராக. இரண்டு ஒலிபெருக்கிகளுள் சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததெனச் செவி மயங்கும். ஆதலால் இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்க வேண்டும். அன்றியும், கண் செவியைக் கெடுக்கும். 1994ஆம் ஆண்டில் புளொய்ட் றூல், ஷோன் ஒலிவ் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட சோதனையிலே, கேட்போர் ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் கண்டபோது அளித்த மதிப்பு, திரைமறைவிற் கேட்டபோது மாறியது. ஆகவே நன்கு பழகிய பாடலொன்றைக் கையோடு கொண்டுசென்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பீராக. பாடுபவர் எதிரே அமர்ந்திருப்பதுபோற் தோன்றின் அதுவே உமக்குரிய ஒலிபெருக்கி. விலைச்சீட்டை அதன்பின் நோக்கலாம்.

நல்ல ஒலிபெருக்கியையும் கெடுக்க வல்லது அறை. அதன் சுவரும் தரையும் திரைச்சீலையும் ஒலியை என்செய்கின்றன என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.