அன்னிய முதலாளி வருகிறார்! விசா கிடைக்குமா?

மதுரை காளவாசலைத் தாண்டி மேற்கே மேலக்கால் சாலையில் போனால் கோச்சடை வரும். வலது கைப் பக்கம் வைகை. ஊருக்குக் காவல் தெய்வமாக அய்யனாரும் முத்தையா சாமியும் இருக்கிறார்கள். அந்தக் கோயிலின் பெரிய பெரிய குதிரைகளை மதுரையில் தெரியாதவர் இல்லை.

அதே சாலையில் ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது. ஃபென்னர் தொழிற்சாலை. நெல் அரைக்கும் மில்லில் மோட்டார் சுற்றுகிறது. மோட்டாரோடு பெரிய சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பட்டை. அதன் பெயர் 'வி' பெல்ட். தமிழ்நாட்டில் எந்த மாவு மில்லுக்குள் நுழைந்தாலும் இந்தப் பட்டையைக் காணலாம். அதைச் செய்கிற ஊர்களில் கோச்சடையும் ஒன்று.

ஃபென்னர் என்பது நம் ஊர்ப் பெயர் அல்ல. இங்கிலாந்தில் ஹல் என்று ஒரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே 1861-ஆம் ஆண்டில் ஜோசப் ஹென்றி ஃபென்னர் என்பவர் யந்திரங்களுக்குத் தோல் பட்டை செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் கிளைதான் வளர்ந்து, மதுரை மண்ணில் வேர் பிடித்தது. 1980-களில் அது ஜே.கே. என்ற இந்தியத் தொழில் குடும்பத்தின் கைக்கு வந்தது. கம்பெனி கைமாறினாலும் பழைய பெயர் போகவில்லை.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஹல் பட்டினத்திலிருந்து இன்றைக்கு ஒருவர் பணத்தோடு புறப்படுகிறார். "கோச்சடைப் பக்கம் ஒரு தொழிற்சாலை வைக்கிறேன், நூறு பேருக்கு வேலை தருகிறேன்" என்கிறார். அவர் நாளைக்கே விமானம் ஏறி வந்துவிட முடியுமா?

முடியாது. விசா வேண்டும்.

கப்பலில் வந்தவர்கள்

விசா என்றால் என்ன? பாஸ்போர்ட் என்பது "இவர் எங்கள் நாட்டுப் பிரஜை" என்று அவருடைய சர்க்கார் கொடுக்கும் சீட்டு. விசா என்பது "சரி, எங்கள் நாட்டுக்குள் வரலாம்" என்று நம்முடைய சர்க்கார் கொடுக்கும் சம்மதம். கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதிக்க வேண்டும் அல்லவா? அது போலத்தான். ஒரு பக்கத்துச் சம்மதம் போதாது.

முன் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்காட்லாந்துச் சகோதரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி இருவரும் தூத்துக்குடிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் வந்து நூல் மில் வைத்தார்கள். பிறகு மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மில் வைத்தார்கள். அது 1892-இல் ஓடத் தொடங்கியது. "ஹார்வி மில்" என்று நம் தாத்தாக்கள் சொன்னது அதைத்தான். அவர்களை யார் விசா கேட்பது? நாடே அவர்கள் கையில் இருந்தது. வீட்டுக்காரனிடம் வாசற்கதவில் சீட்டுக் கேட்பாருண்டோ?

அந்த மில்லின் வெள்ளைக்கார அதிகாரிகள் மாலையில் பந்தாடவும் ஓய்வெடுக்கவும் ஒரு கிளப் இருந்தது. அதுவும் இதே கோச்சடையில்தான். ஆலமரங்கள் சூழ்ந்த அந்த இடம் இன்று ஓட்டலாக இருக்கிறது. அங்கே உள்ள கிளப் கட்டிடத்தை 1970-களில் வரைந்து கொடுத்தவர் ஜெஃப்ரி பாவா என்ற புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர். அவர் இலங்கைக்காரர். அவரும் அன்னியர்தான்!

சுதந்திரம் வந்த பிறகும் பழைய உறவு சட்டென்று அறுந்து விடவில்லை. 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் நேரு சட்ட சபையில் ஓர் அறிக்கை படித்தார். அன்னிய மூலதனம் வரலாம், அதை வேற்றுமை பாராட்டாமல் நடத்துவோம், லாபத்தை அவர்கள் தங்கள் நாட்டுக்கு அனுப்பலாம் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு அப்போது விசாவும் வேண்டாம். பாஸ்போர்ட் இருந்தால் கப்பல் ஏறி வந்து விடலாம். 1984-ஆம் ஆண்டில்தான் அவர்களுக்கும் விசா கட்டாயமாயிற்று. இதற்கிடையில் 1973-இல் வந்த அன்னியச் செலாவணிச் சட்டம் பல அன்னியக் கம்பெனிகளின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது. கொக்கோ கோலா மூட்டை கட்டியது அப்போதுதான்.

1991-க்குப் பிறகு காற்று திசை மாறியது. இன்று பெரும்பாலான தொழிற்சாலைகளில் அன்னியர் நூற்றுக்கு நூறு பங்கும் போடலாம். டெல்லிக்குப் போய் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. பணம் நிமிஷத்தில் வந்து விடுகிறது. பணத்துக்குச் சொந்தக்காரர்தான் வரிசையில் நிற்கிறார்!

எத்தனை வகைக் கதவு?

வியாபார விசா என்று ஒரு வகை உண்டு. தொழில் தொடங்க வருகிறவர், தொடங்கலாமா என்று பார்க்க வருகிறவர், சரக்கு வாங்க விற்க வருகிறவர், கம்பெனிக் கூட்டத்துக்கு வருகிறவர், இவர்களுக்கெல்லாம் அது. இந்தியத் தூதரகத்தில் மனுக் கொடுத்து வாங்கலாம். பல நாட்டவர்கள் தூதரகத்துக்கே போகாமல், கம்ப்யூட்டர் வழியாக 'இ-பிசினஸ்' விசாவுக்கு மனுச் செய்யலாம். புறப்படுவதற்குக் குறைந்தது 4 நாள் முன்னால் மனுப் போய்ச் சேர வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராது. விசா கிடைத்தால் ஒரு வருஷம் செல்லும். போய்ப் போய் வரலாம். ஆனால் ஒரே மூச்சில் 180 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

என்ன கேட்பார்கள்? பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். அதில் இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். இந்தியாவில் உள்ள கம்பெனியின் அழைப்புக் கடிதம், அவருடைய சொந்தக் கம்பெனியின் விவரம், இதெல்லாம் காட்ட வேண்டும். பண வசதி உள்ளவர்தான் என்பதற்குச் சான்று கேட்கலாம். மனுவில் தகப்பனார் பெயர், அவர் பிறந்த ஊர் வரைக்கும் எழுத வேண்டும். இந்தியாவில் தமக்குத் தெரிந்த ஒருவருடைய பெயரும் முகவரியும் தர வேண்டும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது.

இந்த விசாவை வைத்துக் கொண்டு செய்யக் கூடாதவையும் உண்டு. வட்டிக்குக் கடன் கொடுக்கிற தொழில் கூடாது. பெட்டிக் கடை போன்ற சில்லறை வியாபாரம் கூடாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வேலை பார்ப்பதற்கு வேறு விசா இருக்கிறது. 2009-இல் இந்தியாவில் மின் நிலையங்களும் உருக்காலைகளும் கட்ட வந்திருந்த சீனத் தொழிலாளர் பலர் வியாபார விசாவில் வந்திருந்தார்கள். அது சரியல்ல என்று சர்க்கார் சொல்லவே, அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

விசா கிடைத்தால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கே கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது வருஷத்தில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருப்பவராக இருக்க வேண்டும். அன்னியப் பணத்துக்குப் பங்கு கொடுத்தால் 30 நாளுக்குள் ரிசர்வ் பாங்குக்குத் தெரிவிக்க வேண்டும். விவசாய நிலம் வாங்குகிற பேச்சே கிடையாது.

பத்துக் கோடி வேலி

"இப்படி வந்து வந்து போவதற்குப் பதிலாக, இங்கேயே குடியிருந்து தொழிலைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்கலாம். அதற்கு 2016 ஆகஸ்டு 31-ஆம் தேதி மத்திய மந்திரி சபை ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. நிரந்தரக் குடியிருப்பு அந்தஸ்து என்று அதற்குப் பெயர். 10 வருஷத்துக்குக் கொடுப்பார்கள். மறுபடி 10 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம். மனைவி வேலை பார்க்கலாம், பிள்ளைகள் படிக்கலாம்.

நல்ல திட்டந்தான். ஆனால் வேலியின் உயரத்தைப் பாருங்கள். 18 மாதத்துக்குள் 10 கோடி ரூபாய் போட வேண்டும். அல்லது 36 மாதத்துக்குள் 25 கோடி போட வேண்டும். வருஷந்தோறும் 20 இந்தியருக்காவது வேலை தர வேண்டும்.

மதுரைத் தொழிலை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள குறை உடனே விளங்கும். இங்கே பெரிய மில்கள் சில உண்டு. மற்றபடி ரப்பர் சாமான், அப்பளம், சுங்குடிச் சேலை, லேத்துப் பட்டறை என்று சிறு தொழில்தான் ஏராளம். இரண்டு கோடி ரூபாய் போட்டு 30 பேருக்கு வேலை கொடுப்பவர் ஒருவர் வந்தால், அவர் கடைசி வரை விருந்தாளிதான். 10 கோடி போட்டு 20 பேரை வைத்துக் கொள்பவர் குடியிருக்கலாம். பணத்தின் எடைக்கு இருக்கிற மதிப்பு வேலையின் எடைக்கு இல்லை. இது என் அபிப்பிராயம். பாதுகாப்புக்காகக் கேட்கிற கேள்விகளை நான் குறை சொல்லவில்லை. பணத்தைக் காட்டி உள்ளே நுழைந்து நாசம் செய்கிறவர்களும் உலகத்தில் உண்டு. பணத்தின் உயரத்தை மட்டும் அளந்தால் அவர்களைப் பிடித்து விட முடியுமா?

2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று தமிழக அரசு அறிவித்தது. 2025 டிசம்பரில் மதுரையிலும் ஒரு முதலீட்டு மாநாடு நடந்தது. கையெழுத்து வேறு, கட்டிடம் வேறு. நடுவில் எத்தனையோ படி இருக்கிறது. அவற்றில் விசாவும் ஒரு படி.

யந்திரம் வந்தது, ஆள் வரவில்லை

2020 ஜூனில் லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் துறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், நம்மோடு நிலத்தில் எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று விதி வந்திருந்தது. கல்வானுக்குப் பின் சீனர்களுக்கு விசா மிகவும் சுருங்கியது. நாட்டின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தொழிற்சாலைகளில் வேறு ஒரு சங்கடம் முளைத்தது. சீனாவிலிருந்து வாங்கிய யந்திரங்களைப் பூட்டி ஓட விட அங்கிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. ஆள் வரவில்லை என்று மின்னணுத் தொழிற்சாலைக்காரர்கள் முறையிட்டார்கள். டெல்லி பிறகு சில தொழில்களுக்கு விசாவை விரைவுபடுத்தியது.

யந்திரத்தைக் காசு கொடுத்தால் கப்பலில் ஏற்றி விடுவார்கள். அதை ஓட்டும் சூட்சுமம் மனிதன் தலைக்குள் இருக்கிறது. அவன் வந்து நம் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அது நம் ஊரில் தங்கும். அன்னியர் தொடங்கிய தொழிற்சாலை இன்று நம்மவர் கையில் நடக்கிறது என்றால், நம்மவர் கற்றுக் கொண்டார்கள் என்பதுதானே காரணம்?

பினாங்குத் தமிழரின் கதை

அன்னியர் என்றால் வெள்ளைக்காரர், சீனர் மட்டுமல்ல. ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரம் சீமையிலிருந்து பஞ்ச காலத்தில் ஒருவர் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினார். மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். அவருடைய கொள்ளுப் பேரன் இன்று பினாங்கில் நல்ல நிலையில் இருக்கிறார். பாட்டி சொன்ன ஊரில், தம் ஜனங்கள் நடுவே, சிறிதாக ஒரு தொழில் வைக்க ஆசைப்படுகிறார்.

அவருக்கு 'ஓ.சி.ஐ.' என்ற அட்டை கிடைத்தால் கவலை தீர்ந்தது. அயல்நாட்டுப் பிரஜையாகி விட்ட இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் கொடுக்கப்படும் அட்டை அது. அது இருந்தால் விசா வேண்டாம். 180 நாள் கணக்கு வேண்டாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் மட்டும் வாங்க முடியாது.

அட்டை வாங்க என்ன வேண்டும்? முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்குக் காகிதம் வேண்டும். அவருக்கும் இவருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக உறவைக் காட்டும் காகிதம் வேண்டும். கப்பல் ஏறிய கூலித் தொழிலாளியிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்? ஒரு துணி மூட்டை இருந்திருக்கும். தோட்டத்துப் பதிவேட்டில் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊர்ப் பெயர் பாதி, தகப்பன் பெயர் பாதி. அந்தக் காகிதத்தைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு அட்டை. கிடைக்காதவர், ஹல் பட்டினத்து வெள்ளைக்காரரைப் போலவே, வியாபார விசாவுக்கு மனுப் போட வேண்டியதுதான். "அண்ணே, நானும் உங்க ஆளுதான்" என்று சொன்னால் மனுவை வாங்கும் கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது.

நம் வீட்டுக்கு வரும் ஆபத்து

விசாக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். நம்மவர்களும் பணம் போட்டு வெளிநாட்டில் தங்க ஆசைப்படுகிறார்கள். அமெரிக்காவில் முதலீட்டு விசாவுக்கு 2022 முதல் குறைந்த தொகை 8 லட்சம் டாலர். இங்கிலாந்து தன் முதலீட்டாளர் விசாவை 2022 பிப்ரவரியில் மூடிவிட்டது. 2025 ஜூலையில், துபாய் இருக்கும் ஐக்கிய அரபு நாட்டில் சுமார் 23 லட்ச ரூபாய் கட்டினால் ஆயுள் முழுவதும் தங்கும் 'கோல்டன் விசா' இந்தியருக்குக் கிடைக்கும் என்று செய்தி பரவியது. எத்தனையோ குடும்பங்களில் நகைப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்கள். அந்நாட்டு அதிகாரிகள் அப்படி ஒன்றும் கிடையாது என்று மறுத்து விட்டார்கள். விசாவுக்குப் பணம் கேட்கிறவர் யாராயிருந்தாலும், முதலில் அந்த நாட்டுத் தூதரகத்தில் விசாரியுங்கள். இந்திய விசா என்று பல இணையதளங்கள் கடை விரித்திருக்கின்றன. நம் சர்க்காரின் தளத்து முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். மற்றதில் கார்டு எண்ணைத் தட்ட வேண்டாம்.

இன்னொரு சங்கதி. அன்னியர் வருகையைப் பற்றிய பழைய சட்டங்கள் நான்கை எடுத்து விட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் ஒரே சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய சட்டங்களில் ஒன்று 1920-இல் வந்தது! சட்டம் மாறினாலும் ஒரு கடமை மாறவில்லை. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். நெடுங்காலம் இதற்கு 'சி' படிவம் என்று பெயர். ஓட்டலுக்கு மட்டுந்தான் இது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வீட்டுக்காரருக்கும் உண்டு. பினாங்குப் பேரன் வந்து கோச்சடையில் அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்தாலும், அத்தைதான் அதைத் தெரிவிக்க வேண்டும். இப்போது இதையும் இணையதளத்திலேயே செய்யலாம். அத்தைக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பேத்தி ஐந்து நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்து விடுவாள். பேரனின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் மட்டும் அவளிடம் கொடுங்கள்.