பின் பிரேக்கை வீட்டிலே மாற்றலாமோ?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்றாகிய தென்னேரியின் கரையிலுள்ள ஊர்களில், விளைந்த நெல்லை முற்காலத்தில் மாட்டு வண்டிகள் சுமந்தன. இன்று அவ்வேலையில் பெரும் பங்கைச் சிறு சரக்கு வண்டிகள் ஏற்றுக்கொண்டன. ஜனங்கள் செல்லமாகக் ‘குட்டியானை’ என்றழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் இத்தகைய வண்டிகள் கிராமந்தோறும் பெருகின. மாட்டு வண்டியின் அச்சுக்குத் தம் கையாலே மையிட்ட குடியானவர், இவ்வண்டியின் பின் பிரேக் கட்டைகளையும் தம் வீட்டு வாசலிலே மாற்றிக்கொள்ளலாமோ என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம். மாற்றலாம், ஆயின் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே மாற்றவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

டிரம் பிரேக்கு அறிவுக்கு எட்டாத மறைபொருளன்று. பிரெஞ்சு தேசத்து லூயி ரெனோ 1902இல் இதனைச் செம்மைப்படுத்திய நாள் முதல் இதன் அடிப்படை மாறவில்லை. காலால் பெடலை மிதிக்க, பிரேக் ஆயில் சக்கரத்துச் சிலிண்டரிலுள்ள பிஸ்டன்களைத் தள்ளும். அவை பிறைவடிவான இரு ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். காலை எடுத்தவுடன் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பின்னிழுக்கும். தேய்வது ஷூவின்மேலுள்ள லைனிங்கே. வெறும் வண்டியில் முன் பிரேக்கே மிகுதியாய் உழைக்கும். மூட்டைகள் ஏறியபோதோ, பின் சக்கரங்களே பெரும்பாரத்தைத் தாங்குதலால், பின் பிரேக்கின் குறை அப்பொழுதே வெளிப்படும்.

உயிரைக் காக்கும் உறுப்பைப் பழகாதார் தொடுவது தகுமோ என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. எனினும், அவ்வுறுப்பைத் திறந்து பாராமலே, லைனிங் தேய்ந்து இரும்போடு இரும்பு உராயும் வரையில் வண்டியை ஓட்டுவது அதனினும் பெரிய அபாயமன்றோ? தானே கழற்றக் கற்றவன் காலத்தில் பார்ப்பான்; பட்டறைக்குக் கொடுத்தபோதும் வேலையின் தரத்தை அறிவான்.

இனி நிபந்தனைகளைக் கூறுவோம். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தவேண்டியிருத்தலால், சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தவேண்டும். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தையே பிரிக்கவேண்டும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதற்கு மறுபக்கமே சாட்சி. ஆயினும் இருபக்கத்து ஷூக்களையும் ஒருங்கே மாற்றவேண்டும். இல்லையேல் பிரேக்கின் பிடி இருபுறமும் ஒவ்வாது. டிரம் கழன்றிருக்கையில் பெடலை மிதித்தால் பிஸ்டன்கள் வெளியே தெறிக்கும்.

தூசியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். கண்ணால் அதனை அறிய முடியாது. அந்நார் நுரையீரலிற் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயை விளைவிக்கவல்லது. ஆகையால் வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் அறவே கூடா. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிற் கட்டிக் குழந்தைகள் அணுகாதபடி அகற்றவேண்டும்.

எங்கே நிறுத்துவது என்று அறிவதும் தொழிலறிவே. சிலிண்டரில் ஆயில் கசிந்தாலும், டிரம் விரிசல் கண்டாலும், அதில் பொறித்த எல்லைக்கு மேல் தேய்ந்திருந்தாலும், கைதேர்ந்த மெக்கானிக்கை அழைப்பதே கடமை, அதில் இழுக்கில்லை. வேலை முடிந்தபின் பெடல் இறுகும் வரை பலமுறை மிதித்து, பாரமின்றி, ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்லவேண்டும்.

சென்னைப் பாடியில் ‘பிரேக்ஸ் இந்தியா’ 1962இல் தோன்றியது முதல் பிரேக்குத் தொழிலில் நம் நாடு பேர்பெற்றது. அத்தகைய நாட்டில், பௌதிகத்தில் உராய்வு விதியை ஒப்பிக்கும் மாணவர் ஒரு டிரம்மைத் திறந்து பார்த்திராதது வருந்தத்தக்கது. கையிற் கரி படுதல் கல்விக்கு இழிவன்று. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர், தம் வீட்டு வண்டியின் அருகே அறிந்தவரோடு அமர்ந்து இவ்வேலையைக் கற்பாராக. கற்றதைத் தம் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்வாராக.