வாங்கிய விலைக்கே விற்றால் நஷ்டம்தான்

"தைரியமாக வாங்குங்கள். வேலை மாறினால் இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம், போட்ட காசு எங்கேயும் போகாது." தரகர் முதல் சொந்தக்காரர்வரை எல்லோரும் சொல்வது இது. காகிதத்தில் கணக்குப் போட்டால் இது நிற்காது. சென்னையில் 60 லட்சத்துக்கு மறுவிற்பனை ஃபிளாட், 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

"பத்திரச் செலவை விலையில் ஏற்றிவிடலாம்."
முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 5.40 லட்சம். உங்களிடம் வாங்குகிறவரும் தன் பங்குக்கு 9 சதவீதம் கட்டியாக வேண்டும். உங்களுடையதையும் அவர் ஏன் சுமப்பார்? வாங்கும்போதும் விற்கும்போதும் ஒவ்வொரு சதவீதம் தரகு தனி.

"வாடகை மிச்சமாகிறதே!"
இரண்டு வருடத்தில் கட்டும் தவணை 8.33 லட்சம். அதில் அசலில் கழிவது 1.66 லட்சம்தான், மீதி 6.67 லட்சமும் வட்டி. அதே வீட்டுக்கு மாத வாடகை 15,000 என்றால் மிச்சம் 3.60 லட்சம். அப்போதும் மூன்று லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. எல்லாம் கூட்டினால், ஏறக்குறைய 70 லட்சத்துக்கு விற்றால்தான் கை கடிக்காது.

"லாபம் வந்தால்தானே வரி?"
வருமான வரிக் கணக்கில் பத்திரச் செலவும் தரகும் கழியும். வாடகைக்கும் வட்டிக்கும் உள்ள அந்தத் துண்டு கழியாது. ஆகவே 70 லட்சத்துக்கு விற்றவருக்குக் கையில் லாபமே இல்லாவிட்டாலும், கணக்கில் 3.30 லட்சம் லாபம் நிற்கும். 24 மாதத்தைத் தாண்டாமல் விற்றால் அது சம்பளத்தோடு சேர்ந்து, அவரவர் வரி விகிதப்படி வரிக்கு உள்ளாகும். தாண்டிவிட்டால் 12.5 சதவீதம், லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்கும் உண்டு.

"மண் விலை இறங்காது."
ஃபிளாட்டில் உங்களுக்கு உள்ள மண், பிரிக்கப்படாத மனைப் பங்கு மட்டுமே. கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிறது. ஆசையாகப் போட்ட மாட்யுலர் கிச்சனுக்கும் போட்ட காசு திரும்பாது.

அவசரமாக ஊர் மாறுகிறவர் வாடகைக்கு விட்டு 24 மாதத்தைக் கடத்துவது நல்லது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அந்தப் பயம் வேண்டாம். நாலைந்து வருடம் அங்கேயே இருப்போமா என்பது நிச்சயமில்லாதவர் வாடகை வீட்டிலேயே இருக்கட்டும். அது தண்டச் செலவு அல்ல.