"வரை" என்னும் சிறு சொல்

வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்குவோர் முதலில் பார்ப்பது மாதக் கட்டணத்தையும் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் வேகத்தையும்தான். அருகே சிறிய எழுத்தில் நிற்கும் "வரை" என்ற சொல் பலர் கண்ணில் படுவதில்லை. விநாடிக்கு 100 மெகாபிட் வரை என்றால் அது உச்சவரம்பு, உத்தரவாதம் அல்ல.

இந்த மயக்கத்துக்கு மத்திய அரசும் பொறுப்பு. 2004-ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை 256 கிலோபிட் வேகமே போதும் என்றது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆனது. 2 மெகாபிட்டாக உயர 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் பதிவிறக்கத்துக்கு மட்டும். மாணவர் இணைய வகுப்பில் முகம் காட்டவும், சிறு வணிகர் ஆவணங்களை அனுப்பவும் தேவையான பதிவேற்ற வேகம் குறித்து அந்த வரையறை வாய் திறக்கவில்லை.

உண்மையில், வேகத்துக்கு முன் விசாரிக்க வேண்டியது இணைப்பின் வகையை. செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். கம்பியில்லா 5ஜி இணைப்பில் ஒரே கோபுரத்தை அக்கம்பக்கத்தார் அனைவரும் பகிர்ந்துகொள்வதால் மாலையில் தொய்வு ஏற்படலாம். கண்ணாடியிழையே நம்பகமானது. ஆனால், இழை வீட்டுக்குள் வருகிறதா, தெருமுனைப் பெட்டியுடன் நின்றுவிடுகிறதா என்பதை முகவர்கள் தாமாகச் சொல்வது அரிது.

அரிசி மூட்டையில் நிகர எடையை அச்சிட வைக்கும் அரசுக்கு, இதையும் அச்சிட வைப்பது இயலாத காரியமல்ல. குறைந்தபட்ச வேகம், பதிவேற்ற வேகம், இணைப்பின் வகை மூன்றையும் கட்டணத்துக்கு இணையான எழுத்தில் வெளியிடுமாறு தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.