ஓவியம் பொய் சொல்லலாமா?

உள்ளதை உள்ளபடி காட்டப் புகைப்படம் இருக்கும்போது, அறிவியல் படிக்கும் நமக்கு ஓவியம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஓர் ஓவியத்தின் வரலாற்றை அறிந்தபின் முடிவு செய்யுங்கள்.

1871ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் மலைப் பகுதியை ஆராய, ஃபெர்டினாண்ட் ஹேடன் என்ற நிலவியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழு சென்றது. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக் கலைஞரும், தாமஸ் மோரன் என்ற ஓவியரும் உடன் சென்றனர். அங்குள்ள பள்ளத்தாக்கின் பாறைகள் மஞ்சளும் சிவப்புமாக ஒளிர்பவை. நிலத்தடி வெந்நீர் நெடுங்காலம் ஊடுருவியதால், பாறையிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மாறுதலடைந்து தந்த நிறங்கள் அவை. ஜாக்சனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வடிவைக் காட்டின. நிறத்தைக் காட்ட மோரனின் தூரிகை தேவைப்பட்டது. இருவரின் படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் பார்வைக்கு வந்தன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாயிற்று.

அதன் பிறகே மோரன் தம் பெரிய ஓவியத்தை முடித்தார். இயற்கையின் பிரம்மாண்டத்தைக் கண்டு வியக்கும் ரொமாண்டிக் பாணி அது. அகலம் ஏறத்தாழ 3.7 மீட்டர். காங்கிரஸ் அதை 10,000 டாலருக்கு வாங்கியது. அதில் வலப்பக்கம் நிற்கும் செங்குத்துப் பாறைகள், உண்மையில் ஓவியரின் முதுகுக்குப் பின்னால் இருந்தவை! மோரனே இதை வெளிப்படையாகச் சொன்னார். ஆனால், முன்னணியில் உள்ள பாறைகளின் வகையை நிலவியல் அறிஞர் கண்டறியும் அளவுக்குக் கவனமாக வரைந்திருப்பதாகவும் கூறினார்.

இது பொய்யா? இல்லை என்பதே என் கருத்து. பாறையின் இடம் மாறியது. அதன் இயல்பு மாறவில்லை. மாற்றியதை மோரன் மறைக்கவும் இல்லை. இதை வைத்து நிலப்படம் வரையாமல் இருந்தால் போதும்.

என்னை உறுத்துவது வேறொன்று. இத்தகைய ஓவியங்கள், மலை என்றால் மனிதர் வாழாத வனம் என்ற எண்ணத்தைப் பலர் மனத்தில் விதைத்தன. யெல்லோஸ்டோனிலோ ஷோஷோனி முதலான பழங்குடி மக்கள் வேட்டையாடி, எரிமலைக் கண்ணாடிக் கல்லில் அம்பு முனை செய்து வாழ்ந்து வந்தனர். பூங்கா அமைந்தபின் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். மோரனின் ஓவியத்தில் ஒரு பழங்குடி மனிதர் சிற்றுருவாக நிற்கிறார். அவருடைய குடியிருப்பைத்தான் காணோம்.

ஆகவே, மலைக்காட்சி ஓவியம் ஒன்றைக் கண்டால் மனமார வியந்து பாருங்கள். பிறகு, அதில் இடம்பெறாதது என்ன என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியும் அறிவியல்தான்.